எஃப்/22 வைத்தும் எறும்பு மங்குவது ஏன்?

மாமரத்து முசுறு எறும்புகளைப் படமெடுக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "எஃப்/5.6 வைத்தால் கண் மட்டும் தெளிகிறது, தாடையும் காலும் கரைந்துபோகின்றன. எஃப்/22 வைத்தால் உடல் முழுவதும் தெரிகிறது, ஆனால் எங்குமே கூர்மை இல்லை. லென்ஸில் கோளாறா?"

லென்ஸ் நன்றாகவே இருக்கிறது. எஃப் எண் என்பது லென்ஸின் ஒளித்துவார அளவு; எண் கூடக்கூடத் துவாரம் சுருங்கும். ஒளி ஓர் அலை என்பதுதான் காரணம்.

மேக்ரோவில், அதாவது மிக நெருங்கி எடுக்கும் படத்தில், 1:1 என்றால் 1 மி.மீ. பொருள் கேமராவில் பிம்பம் பதியும் சென்சாரிலும் 1 மி.மீ. அளவில் விழுகிறது. ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவுச் சென்சாரில் 1:1, எஃப்/11 வைத்தால், தெளிவாக விழும் பகுதியின் தடிமன் 0.9 மி.மீ.கூட இல்லை. பிம்பம் பொருளைப்போல் இரு மடங்காகும் 2:1-இல் அது 0.33 மி.மீ. ஆகிவிடும். பெரிய முசுறின் தலையே ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. அகலம். அதனால் எல்லாரும் துவாரத்தைச் சுருக்குகிறார்கள். சுருக்கினால் ஒளிக்கூம்பு ஒடுங்கும், முன்பின் கலங்கல் குறையும். இதுவரை பள்ளிப் பாடம்தான்.

சிறிய துளைக்குள் நுழையும் ஒளி நேராக மட்டும் போவதில்லை, விரிகிறது. இதுதான் விளிம்பு விளைவு. வட்டத் துளை வழியே வரும் ஒரு புள்ளியின் பிம்பம், நடுவே ஓர் ஒளிவட்டும் அதைச் சுற்றி மங்கிய வளையங்களுமாக விழும் என்று ஜார்ஜ் ஏரி 1835-இல் கணக்கிட்டுக் காட்டினார். வட்டின் விட்டம் 2.44 × அலைநீளம் × எஃப் எண். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டதுதான்.

இதில் எந்த எஃப் எண்ணைப் போடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். லென்ஸில் எழுதியிருப்பது தொலைதூரக் காட்சிக்கான எண். பூச்சியை நெருங்கும்போது பிம்பம் லென்ஸுக்கு வெகுதொலைவில் விழுகிறது. கூம்பு இன்னும் ஒடுங்குகிறது. உருப்பெருக்கத்தோடு (1:1 என்றால் 1, 2:1 என்றால் 2) ஒன்றைக் கூட்டி, எழுதியுள்ள எண்ணால் பெருக்கினால் உண்மையான எண் ஏறத்தாழ வந்துவிடும். 1:1-இல் எஃப்/22 உண்மையில் எஃப்/44. பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.இல் ஆயிரத்தில் ஒரு பங்கு), எனவே வட்டின் விட்டம் 59 மைக்ரான். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சல் 3.9 மைக்ரான்தான். எறும்பின் ஒவ்வொரு மயிர்நுனியும் 15 பிக்சல் அகலத்துக்குப் பரவுகிறது! எஃப்/8 என்றால் 21 மைக்ரான், அதாவது ஐந்தரை பிக்சல். அந்த அளவு மென்மையைக் கணினியில் ஓரளவு சரிசெய்யலாம். நிக்கான் கேமராக்கள் மேக்ரோ லென்ஸோடு இந்தத் திருத்திய எண்ணையே திரையில் காட்டும், கேனான் லென்ஸின் எண்ணையே காட்டும். அடுத்தவர் சொன்ன எண்ணை அப்படியே வைப்பதற்குமுன் அவர் கேமரா எது என்று கேளுங்கள்.

ஆக, இரண்டு கலங்கல்கள். துவாரத்தைத் திறந்தால் ஆழம் போதாத கலங்கல், மூடினால் அலையின் கலங்கல். இரண்டும் ஏறக்குறைய சமமாகும் இடத்தில்தான் நல்ல படம் கிடைக்கும்.

இதில் எனக்குப் பேரின்பம் தருவது, நாம் படமெடுக்கும் பூச்சியின் கண்ணுக்குள்ளேயே இதே பேரம் நடந்து முடிந்திருப்பது. தேனீயின் கூட்டுக்கண்ணில் ஆயிரக்கணக்கான சிறுகண்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு திசையை மட்டும் பார்க்கிறது. சிறுகண்ணை ஒடுக்கினால் அதே பரப்பில் நிறைய அடுக்கலாம், காட்சி நுணுக்கமாகும். ஆனால் ஒடுக்க ஒடுக்க ஒவ்வொன்றிலும் ஒளி விரிந்து பக்கத்துத் திசைகளும் கலக்கும். ஒரு சிறுகண் பிரித்தறியும் கோணம், அதன் அகலம் ÷ முழுக் கண்ணின் வளைவு ஆரம். விளிம்பு விளைவால் கலங்கும் கோணம் அலைநீளம் ÷ அகலம். இரண்டையும் சமமாக்குங்கள்: உகந்த அகலம், அலைநீளத்தையும் ஆரத்தையும் பெருக்கியதன் வர்க்கமூலம். கண்ணின் வளைவு ஆரம் 2 மி.மீ., அலைநீளம் 0.5 மைக்ரான் என்று வைத்தால் 32 மைக்ரான் வருகிறது. தேனீயின் சிறுகண்ணை அளந்தால் 25 மைக்ரானை ஒட்டியிருக்கிறது! பூச்சிக்கண்ணின் இந்த எல்லையை ஹென்றி மலாக் 1894-லேயே ஆராய்ந்தார். மனிதப் பார்வைக்கு ஈடான கூர்மை வேண்டுமென்றால் கூட்டுக்கண் குறைந்தது 1 மீட்டராவது அகலமாக இருக்கவேண்டும் என்பது பின்னர் வந்த கணக்கு.

நமக்கு 1:1-இல் உகந்தது எஃப்/8 முதல் எஃப்/11 வரை, 2:1-இல் எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை. மிச்ச ஆழத்தைக் கோணத்தால் ஈட்டவேண்டும். எறும்பின் பக்கவாட்டில் சென்சாரை அதன் உடலுக்கு இணையாகப் பிடித்தால் தலைமுதல் வயிறுவரை ஒரே தளத்தில் விழும். முகத்தை எடுப்பதானால் கண்ணும் தாடையும் ஒரே தளத்தில் வரும்படி கேமராவைச் சற்றுச் சாய்க்கவேண்டும். ஆட்டோஃபோகஸை அணைத்து, உருப்பெருக்கத்தை நிலைநிறுத்தி, உடலை முன்பின் அசைத்துக் குவியுங்கள். முசுறுகள் கடித்து அந்த இடத்தில் ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும். கிளையில் கை ஊன்றாதீர்கள்.

அடுத்தது அசைவு. வினாடிக்கு 5 செ.மீ. நடக்கும் எறும்பு, 1/200 வினாடியில் 0.25 மி.மீ. நகரும். 1:1-இல் அது 64 பிக்சல் இழுப்பு. ஃபிளாஷை 1/16 அல்லது அதற்கும் குறைந்த சக்தியில் வைத்தால் அதன் மின்னல் சுமார் 1/10000 வினாடிதான். இழுப்பு ஒரு பிக்சல் அளவுக்கு இறங்கிவிடும். அசைவை உறையவைப்பது ஃபிளாஷ்தான், ஷட்டர் அல்ல. ஆனால் சென்சாரின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 1600 வைத்தால் வெயிலும் படத்தில் பதிந்து உருவம் இரட்டையாகும். ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200 அல்லது 400 போதும். எறும்பின் ஓடு பளபளப்பானது, வெற்று ஃபிளாஷ் அதில் வெள்ளைப் புள்ளியாக எரியும். ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிரேசிங் பேப்பர் டிஃப்யூசரை லென்ஸ் நுனிவரை நீட்டி, பூச்சிக்கு அருகில் கொண்டுவாருங்கள். பூச்சியின் பார்வையில் ஒளிமூலம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மென்மையாக ஒளி விழும்.

பூச்சியை ஃபிரிட்ஜில் குளிரவைத்து மயக்கி எடுக்கும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். விடியற்காலையில் உடல் சூடேறாத பூச்சிகள் தாமாகவே அசையாமல் இருக்கும். அதோடு, அது உண்ணும் செடியும் கூட வாழும் உயிர்களும் படத்தில் இருந்தால்தான் ஆய்வாளருக்குப் பயன். முசுறுகளுக்கு நடுவே முசுறு போலவே தோன்றும் குதிக்கும் சிலந்தி ஒன்று உண்டு; கால்களை எண்ணினால்தான் பிடிபடும். இப்படிப் படங்கள் குவிகின்றன, பெயரிட்டுச் சொல்ல வகைப்பாட்டியலாளர்கள்தான் போதவில்லை. கருவிகளுக்குக் கொடுக்கும் நிதியில் ஒரு பங்கையாவது அந்தத் துறையில் இளைஞர்களை வேலைக்கு அமர்த்தச் செலவிடவேண்டும்.

அசையாத பூச்சி கிடைத்தால் எஃப்/5.6 வைத்து, சற்றே முன்னகர்ந்தபடி பத்துப் பதினைந்து படங்கள் எடுத்து, அவற்றின் தெளிவான பகுதிகளை மென்பொருளில் ஒரே படமாக அடுக்கலாம். 1:1-இல் ஒவ்வொரு படத்தின் தெளிவும் 0.45 மி.மீ. இருக்கும்; 0.3 மி.மீ.க்கு ஒரு படம் வீதம் எடுத்தால் இடைவெளி விழாது. நடுவில் உணர்கொம்பு அசைந்திருந்தால் அடுக்கும்போது இரண்டு கொம்புகளாகத் தெரியும். அந்த இடத்தை மட்டும் ஏதாவது ஒரு படத்திலிருந்து எடுத்து மேலே பூசிவிடுங்கள்.