காய்ச்சலுக்கு ஒரே ஸ்லைட் போதாது: மலேரியா ஒட்டுண்ணி பெருகும் கணக்கு

2016 செப்டெம்பரில் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்துவிட்டது. இப்போது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் காய்ச்சல் என்றால் டெங்கு, வட்டைக்கு (வயலுக்கு) போய் வருபவருக்கு எலிக்காய்ச்சல் என்றுதான் முதலில் யோசிக்கிறோம். அதில் பிழையில்லை. ஆனால் இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்தவருக்கு மலேரியாவிலும் பிளேட்லெட் குறையும். அறிக்கை டெங்கு மாதிரியே இருக்கும். பயணத்தைச் சொல்லாவிட்டால் மலேரியா ஸ்லைட் (கண்ணாடித் தகட்டில் குருதியைத் தடவி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது) எடுக்க யாருக்கும் தோன்றாது. எடுத்த ஸ்லைட்டில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் கதை முடியவில்லை. ஏன் என்பதை ஒட்டுண்ணி பெருகும் விதம் சொல்லும்.

அமீபா ஒன்று இரண்டாகும், அவ்வளவுதான். டொக்சோபிளாஸ்மா என்ற இன்னொரு ஒட்டுண்ணி தாய்க்கலத்துக்குள்ளேயே இரண்டு மகட்கலங்களை வளர்க்கும். அவை தாயைத் தின்று தீர்த்துவிட்டு வெளியே வரும். மலேரியா ஒட்டுண்ணியின் வழி வேறு. செங்குருதிக் கலத்துக்குள் புகுந்து, மோதிர வடிவில் தொடங்கி, ஹீமோகுளோபினைத் தின்று பருக்கும். பிறகு கருவை மட்டும் பிரிக்கும், கலம் பிரியாது. ஒரு கரு பிரியும்போது பக்கத்துக் கரு சும்மா இருக்கும். ஆகவே இடையில் எண்ணினால் 3, 5, 7 என்றும் வரும். கடைசிச் சுற்றில்தான் ஒவ்வொரு கருவையும் சுற்றிச் சவ்வு மூடி, மகட்கலங்கள் ஒரேயடியாகப் பிரியும். பல்சிபாரம், வைவாக்ஸ் என்ற இரண்டு மலேரியா ஒட்டுண்ணி வகைகளுக்கும் இதற்கு ஏறத்தாழ 48 மணித்தியாலம். ஒரு கலத்திலிருந்து வரும் மகட்கலங்கள் வைவாக்ஸில் 12 முதல் 24 வரை, பல்சிபாரத்தில் 30 வரையும் இருக்கும். கலம் வெடிக்கும் நேரம்தான் குளிரும் நடுக்கமும். ஆரம்ப நாட்களில் எல்லாம் ஒரே நேரத்தில் வெடிப்பதில்லை. அதனால் காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வரவில்லை என்று மலேரியாவைத் தள்ளிவிடக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒன்று 16 ஆகி, எல்லாமே தப்பினால், எட்டு நாளில் 65,536. உடலின் எதிர்ப்பினால் அவ்வளவு தப்புவதில்லை, ஆனாலும் ஏற்றம் வேகம்தான். வழக்கமான பரிசோதனையில் ஸ்லைட்டில் தடவிய தடித்த குருதிப் படலத்தில் தெரிய ஒரு மைக்ரோலீற்றருக்கு 50 ஒட்டுண்ணியாவது வேண்டும். ஐந்து லீற்றர் குருதிக்கு அது 25 கோடி! அதற்குக் கீழே இருப்பவர் ‘இல்லை’ என்ற அறிக்கையோடு வீட்டுக்குப் போகலாம்.

பல்சிபாரத்தில் இன்னொரு சிக்கல். வளர்ந்த ஒட்டுண்ணி உள்ள செங்கலம் உள்ளுறுப்புகளின் சிறு குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். விரலில் குத்திய குருதியில் பெரும்பாலும் இளம் மோதிரங்கள்தான் வரும். எல்லாம் ஒட்டியிருக்கும் நேரத்தில் குத்தினால் கண்ணுக்கு எதுவும் படாது. ஆகவே சந்தேகம் இருந்தால் 12 முதல் 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மூன்று தடவையாவது எடுக்க வேண்டும்.

மருந்திலும் இதே கணக்கு. டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் ஒட்டுண்ணியை உடனே கொல்லாது. அது ஒட்டுண்ணிக்குள் உள்ள அப்பிக்கோபிளாஸ்ட் என்ற சிறு உறுப்பைக் குலைக்கும். அந்தச் சுற்று வழக்கம்போல் பிரியும். உறுப்புக் கெட்ட அடுத்த தலைமுறைதான் சாகும். கடும் காய்ச்சலுக்கு இவ்வளவு காத்திருக்க முடியாது, அதனால் அதைத் தனியே கொடுப்பதில்லை. வைவாக்ஸ் ஈரலில் பிரியாமல் உறங்கியும் கிடக்கும். 3 நாள் குளோரோகுயின் குருதியில் உள்ளதை அழிக்கும், உறங்குவதைத் தொடாது. அதற்கு 14 நாள் பிரைமாக்குயின்; தொடங்குமுன் ஜீ6பீடி (செங்குருதிக் கலத்தைக் காக்கும் நொதியம்) பரிசோதனை வேண்டும், கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தினால் மாதங்கள் கழித்துத் திரும்பி வரலாம். ஆகவே வைத்தியரிடம் போன மாதப் பயணத்தை மட்டுமல்ல, போன வருடப் பயணத்தையும் சொல்லுங்கள்.

தாமதித்தால் நோயாளியோடு நிற்காது. ஆறு வற்றும் காலத்தில் படுகைக் குட்டைகளில் பெருகும், மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு நாட்டை விட்டுப் போகவில்லை.

புறப்படுமுன் மலேரியா வராமலிருக்க வாரக் குளிசையாக மெப்லோகுயின் வாங்கியவர்கள் திரும்பி வந்த பிறகும் 4 வாரம் விழுங்க வேண்டும். அது ஈரலில் பெருகுவதைத் தடுப்பதில்லை, குருதிக்குள் இறங்கியதையே கொல்லும். பயணத்தின் கடைசி இரவில் கடித்த நுளம்பின் ஒட்டுண்ணி முதலில் ஈரலில் பெருகிக் குருதிக்கு வர ஒரு வாரமோ இரண்டோ ஆகும். ஊருக்கு வந்த அன்றே குளிசையை நிறுத்தியவரின் குருதியில் அப்போது அதைத் தடுக்கும் அளவு மருந்து இல்லாமல் போகலாம்.