புது ரவுட்டர் வந்ததும் பழைய கம்ப்யூட்டருக்கு என்ன ஆனது?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. டெலிபோன் லைன் மோடம் இருந்தவரை லேன் கேபிளில் நெட் நன்றாக வந்தது. இப்போது ஃபைபர் போட்டுப் புது ரவுட்டர் வைத்திருக்கிறார்கள். அதே கேபிளை அதில் செருகினால், கேபிளே செருகவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. செல்போனில் வைஃபை ஓடுகிறது. பார்க்க வந்தவர் 'போர்டு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க' என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?"

அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் என் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். இத்தனை நாள் ஓடிய கேபிள் எப்படிப் பழுதாக இருக்கும் என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். உங்கள் பழைய மோடம் பெரும்பாலும் நொடிக்கு 100 மெகாபிட் வகையாக இருந்திருக்கும். அந்த வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய பின்களில் வரும் இரண்டு ஜோடிகள் போதும். வழக்கமான வரிசையில் அவை ஆரஞ்சும் பச்சையும். நீலமும் பழுப்பும் சும்மாதான் கிடக்கும், அறுந்திருந்தாலும் தெரியாது. இந்தக் கேபிளில் நொடிக்கு 1000 மெகாபிட் அனுப்ப 1999இல் தரமாக்கப்பட்ட கிகாபிட் ஈதர்நெட்டுக்கோ நான்கு ஜோடியும் வேண்டும். புது ரவுட்டரில் கேபிள் செருகும் துளை, அதாவது போர்ட், பெரும்பாலும் கிகாபிட் வகை. கம்ப்யூட்டரிலும் அதுவே இருக்கலாம்.

சரி, நான்கு ஜோடி கிடைக்காவிட்டால் பேசாமல் 100க்கே இறங்கிவிடலாமே? இறங்க முடியாததற்கான காரணம் ஓர் அழகான ஏற்பாட்டில் இருக்கிறது.

1990இல் வந்த 10 மெகாபிட் தரத்தில், வேலையில்லாத நேரத்தில் ஒவ்வொரு கருவியும் ஏறக்குறைய 16 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒற்றை மின்துடிப்பை அனுப்பும். நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரம் மட்டுமே நீடிக்கும் துடிப்பு அது. 'நான் இருக்கிறேன்' என்பதைத் தவிர அதில் வேறு சேதி இல்லை. 1995இல் 100 மெகாபிட் வந்தபோது, யாருக்கு எந்த வேகம் முடியும் என்று இரு முனைகளும் பேசி முடிவெடுக்க வேண்டிய நிலை. பழைய கருவிகளும் குழம்பக்கூடாது. என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த ஒற்றைத் துடிப்பு இருந்த இடத்தில் இரண்டு மில்லிநொடி நீளமுள்ள ஒரு கொத்தை வைத்தார்கள். கொத்தில் 17 துடிப்புகள் தாளம் போடும், தவறாமல் வரும். அவற்றுக்கு நடுவே 16 இடைவெளிகள். இடைவெளியில் துடிப்பு வந்தால் 1, வராவிட்டால் 0. ஆக, 16 பிட் கொண்ட ஒரு சொல். 'எனக்கு 10 தெரியும், 100 தெரியும், இன்னும் சொல்ல அடுத்த பக்கம் இருக்கிறது' என்பதெல்லாம் அதில் அடங்கும். பழைய கருவி அதே கொத்தைப் பார்த்து, யாரோ இருக்கிறார்கள் என்று மட்டும் புரிந்துகொள்ளும். எதிர்முனை ஒரே சொல்லை மூன்று முறை தொடர்ந்து கேட்ட பிறகே ஏற்றுக்கொள்ளும். விண்டோஸுக்கு இதில் பங்கே இல்லை. எல்லாம் மதர்போர்டில் உள்ள நெட்வொர்க் சிப்பின் வேலை. பொறியியலில் எனக்கு மிகப் பிடித்த விஷயங்களில் இது ஒன்று. முன்னால் வந்தவர்களின் கருவியைக் குப்பைக்கு அனுப்பாமல் புதியதைக் கொண்டுவந்த பெருந்தன்மை இதில் இருக்கிறது.

இந்தப் பேச்சுவார்த்தை முழுவதும் ஆரஞ்சு, பச்சை ஜோடிகளிலேயே நடக்கிறது. அவை நல்ல நிலையில் இருப்பதால் இரு முனைகளும் கிகாபிட் என்று ஒப்புக்கொள்கின்றன. அப்புறம் நான்கு ஜோடியிலும் பேசப் போனால் இரண்டில் பதில் இல்லை. இணைப்பு விழுகிறது. மறுபடி பேச்சு, மறுபடி அதே ஒப்பந்தம். சில தடவை தோற்றதும் தானாக 100க்கு இறங்கும் அறிவு பல சிப்களுக்கு உண்டு. அது இல்லாத பழைய சிப் இந்தச் சுழலிலேயே கிடக்கும்.

கையில் வேறு நல்ல கேபிள் இருந்தால் மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ் அமைப்பை 100 மெகாபிட், ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று வையுங்கள். ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் ஒரு முனை மட்டும் பேசும்; ஃபுல் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும். ஏன் ஹாஃப்? நீங்கள் வேகத்தைக் கட்டாயப்படுத்தினால் உங்கள் பக்கம் அந்த 16 பிட் சொல்லை அனுப்புவதை நிறுத்திவிடும். சொல் வராமல் 100இன் அலை மட்டும் வந்தால், எதிராளி ஹாஃப் என்றே கொள்ள வேண்டும் என்பது விதி. நீங்கள் ஃபுல் என்று வைத்தால் இரு பக்கமும் முரண்பட்டு, இணைப்பு வந்தும் நெட் ஆமையாக நகரும். ஹாஃபில் லேன் போர்ட்டின் விளக்கு எரிந்து நெட் வந்தால் போர்டு பிழைத்தது. பழுது மற்ற இரண்டு ஜோடியில். கேபிளை மாற்றியதும் அமைப்பை மறக்காமல் ஆட்டோவுக்குத் திருப்புங்கள்.

விளக்கு நிலையாக எரிந்தும் நெட் வராவிட்டால் கதை வேறு. நெட்வொர்க்கில் கம்ப்யூட்டரின் எண்ணான ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. கூகுளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போய், தளத்தின் பெயருக்குப் போகாவிட்டால், பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. தேதி பல வருடம் பின்னால் காட்டினால் மதர்போர்டின் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறினால் பாதுகாப்பான தளங்கள் திறக்காது.

கடலோர ஊரில் ஜாக்கின் பின்கள் சீக்கிரம் கெடுவதில் வியப்பில்லை. மலிவான ஜாக்கில் தங்கப் பூச்சு மிக மெல்லியது. அது தேய்ந்த இடத்தில் உப்புக் காற்றின் ஈரம் அரிக்கத் தொடங்கும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி வைத்த கேபிளும் விற்கிறார்கள், அது எளிதில் ஒடியும். கேட்டு முழுச் செம்பாக வாங்குங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பதென்றால் பெட்டியின் முன்பக்கம் வையுங்கள், போர்ட் பக்கம் ஈரம் போகவேண்டாம்.

சோதிக்காமல் 'போர்டு போச்சு' என்பதும் திருஷ்டி பட்டுவிட்டது என்பதும் எனக்கு ஒன்றுதான். பள்ளிகளின் கணினி அறைகளுக்கு இயந்திரம் வாங்க ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கைக் கேபிள் டெஸ்டருக்கும், கேபிளில் ஜாக்கைப் பொருத்தும் கிரிம்பிங் டூலுக்கும், அவற்றைப் பிடிக்கத் தெரிந்த ஒருவருக்கும் ஒதுக்க வேண்டும். டெஸ்டர் சில நூறு ரூபாய்தான். எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா என்று பார்க்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே கற்றுக்கொடுத்துவிடலாம்.

நல்ல கேபிளிலும், ஹாஃபில் வைத்தும் விளக்கு எரியவில்லை என்றால், ரவுட்டரின் வேறு போர்ட்டில் ஒருமுறை செருகிப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் கம்ப்யூட்டரின் போர்ட்தான் போயிருக்கிறது. அப்போதும் முழு மதர்போர்டு வேண்டாம்; யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று போதும்.