ஹியரிங்: விசாரணையா, கேட்பா?

எங்கள் தெரு அம்பத்தூரில், தொழிற்பேட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தெருக்கோடியில் ஒரு பட்டறை. பக்கத்து மனையையும் வாங்கிப் பெரிய பிரஸ் மிஷின்கள் போடப் போகிறார்கள் என்று பேச்சு. ராத்திரி ஷிப்ட் சத்தம், ரிவர்ஸ் எடுக்கும் லாரி, மழைநீர்க் கால்வாயில் மிதக்கும் எண்ணெய் என்று ஆளுக்கொரு கவலை. அசோசியேஷன் கூட்டத்தில், அமெரிக்காவில் சில வருஷம் இருந்துவிட்டு வந்த எதிர்வீட்டுப் பையன் கேட்டான்: "அங்கிள், இதுக்கு ஜோனிங் ஹியரிங் எப்போ?" அந்த இடத்தில் தொழில் நடத்தலாமா என்று முடிவு செய்யும் முன் அக்கம்பக்கத்தாரைக் கேட்கும் கூட்டத்தைத்தான் சொன்னான். யாரோ அந்த ஹியரிங்கை 'விசாரணை' என்று தமிழ்ப்படுத்த, மாமி ஒருவர் பதறிவிட்டார். "விசாரணையா? நாம என்னப்பா தப்பு பண்ணினோம்?"

மாமி பயந்தது சொல்லின் குற்றம். 'விசாரம்' வடமொழியிலிருந்து வந்தது. ஆராய்தல், எண்ணிப் பார்த்தல் என்று பொருள். தமிழுக்கு வந்தபின் 'விசாரி' மென்மையாகவே புழங்கியது. நலம் விசாரிக்கிறோம், பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கிறோம். விசாரம் என்றால் கவலை என்றும் ஒரு பொருள் உண்டு. ஆனால் 'விசாரணை' என்ற வடிவம் கோர்ட்டிலும் காவல் நிலையத்திலும் குடியேறிவிட்டது. ட்ரையல், ஹியரிங், என்கொயரி மூன்றுக்கும் செய்தித்தாளில் இந்த ஒரே சொல்தான். "விசாரணைக்கு அழைத்துச் சென்றனர்" என்று படித்துப் பழகிய காதுக்கு 'பொது விசாரணை' என்றால் ஊரையே கூண்டில் ஏற்றுவது போலத்தான் இருக்கும்.

ஆங்கிலத்தில் ஹியரிங் அவ்வளவு பயமுறுத்தும் சொல் அல்ல. செவியால் கேட்பது, அவ்வளவுதான். தீர்ப்புச் சொல்பவர் இரு தரப்பையும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பதிலிருந்து அந்த நிகழ்ச்சிக்கே அது பெயராயிற்று. அப்படியானால் தமிழில் 'கேட்பு'. நம் அரசு அறிவிப்புகளிலும் 'பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்' என்றுதான் இருக்கிறது. அரசுத் தமிழை நான் அடிக்கடி பாராட்டுகிறவன் இல்லை. ஆனால் இது நல்ல சொல்.

ஏனென்றால் 'கேள்' ஒன்றல்ல, மூன்று. பாட்டுக் கேட்பது செவி வேலை. கடன் கேட்பது வாய் வேலை. "சொன்னா கேக்க மாட்டேங்கிறான்" என்கிறபோது அது சொன்னபடி நடப்பது. 'கேள்வி' என்றால் இன்று வினா. வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வைத்தது செவியால் கேட்டு அறிவதைப் பற்றி. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மேடையில் இருப்பவர்கள் முதல் பொருளில் கேட்கிறார்கள், எதிரில் இருப்பவர்கள் இரண்டாம் பொருளில் கேட்கிறார்கள். மூன்றாவதற்குத்தான் ஊர் காத்திருக்கிறது.

வரி அலுவலகத்தில் 'கேட்பு, வசூல், நிலுவை' என்று ஒரு கணக்கு உண்டு. அங்கே கேட்பு என்றால் நம்மிடம் கேட்கும் தொகை. அது வேறு கேட்பு.

அப்புறம் 'ஜோன்'. கிரேக்கத்தில் இதன் பழைய பொருள் இடுப்பில் கட்டும் கச்சை. 'மண்டலம்' என்று மாற்றலாம்தான், ஆனால் சென்னையில் மண்டலம் என்றால் மாநகராட்சி மண்டலம்; அம்பத்தூர் ஏழாவது மண்டலம். இதில் ஜோனிங்கையும் நுழைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழும அறிவிப்புகளில் 'உபயோகப் பகுதி' என்று வரும். 'நிலப் பயன்பாட்டு வகைப்பாடு' சற்று நீளம் என்றாலும் தெளிவு. எந்த மனை குடியிருப்பு, எது கலப்புக் குடியிருப்பு, எது தொழில் என்று பிரித்து வைப்பதுதான் அது. 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் இது குறிக்கப்பட்டிருக்கிறது.

சரி, எதிர்வீட்டுப் பையன் கேட்டதற்குப் பதில்? அவன் பார்த்த ஊரில் நகரக் குழுவின் முன் அக்கம்பக்கத்தார் மைக் பிடித்துப் பேசுவார்கள். இங்கே நில வகைப்பாட்டை மாற்ற விண்ணப்பம் வந்தால் பத்திரிகையில் அறிவிப்பு வரும்; மறுப்பை எழுத்தில் தர வேண்டும். கூட்டம் போட்டுக் கேட்பது சுற்றுச்சூழல் அனுமதிக்கு, அதுவும் பெரிய திட்டங்களுக்கு. 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை சொல்லும் முறை அது. எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கு நடந்தது அந்த வகை. எங்கள் தெருப் பட்டறை அவ்வளவு பெரிதில்லை. அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை போதும், மேடை கிடையாது. ஆகவே எங்களுக்கு ஹியரிங்கும் இல்லை, விசாரணையும் இல்லை. மனு எழுதுவதுதான் வழி. அதில் 'ஆட்சேபணை' என்று எழுதலாமா என்று அரை மணி நேரம் பேசி, கடைசியில் 'மறுப்பு' என்று எழுதினோம்.

பெரிய திட்டத்தின் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். அந்த அறிவிக்கைப்படி மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் சார்பில் வரும் அதிகாரி தலைமை தாங்குவார். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. பேசியதன் சுருக்கத்தைக் கூட்ட முடிவில் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அப்போது அவர்கள் படிக்க, ஊர் கேட்கிறது. தான் சொன்னது விடுபட்டிருந்தால் எழுந்து கேட்க வேண்டிய நேரமும் அதுதான்.