காசு வாங்கி எடுத்த படம் யாருக்குச் சொந்தம்?

திருமணம், வளைகாப்பு, ஜவுளிக் கடை விளம்பரம் என்று காசு வாங்கி எடுக்கும் படங்களைப் பற்றி நம் புகைப்படத் தொழிலில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: பொத்தானை அழுத்தியவருக்கே படம் சொந்தம். இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17(பி) சொல்வதன் சாரம் இதுதான்: பணமோ அதற்கு ஈடான வேறொன்றோ தந்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். வீடியோவுக்கும் இதே விதிதான்.

ஆல்பம் கொடுத்து, பாக்கி வாங்கி, அத்தோடு முடித்துக்கொள்பவரை இது பெரிதாகப் பாதிக்காது. எடுத்த படங்களை வைத்துக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கும் வார இறுதியில் வகுப்பு நடத்துகிறவர்களுக்கும்தான் சிக்கல். அதே படம் ஆல்பத்துக்குப் போகிறது, பிறகு இதழுக்கு, பிறகு வகுப்பறைத் திரைக்கு. வாடிக்கையாளர் சம்மதித்தது முதலாவதற்கு மட்டுமே. அந்த மனக்கசப்பு பெரும்பாலும் நீதிமன்றம் வரை போவதில்லை. ஒரு தொலைபேசி அழைப்பிலேயே உறவு முறிந்துவிடும், அந்தக் குடும்பத்தின் அடுத்த விசேஷம் வேறொருவருக்குப் போய்விடும்.

இங்கே படைப்பாளியும் உரிமையாளரும் வேறு வேறு ஆட்கள் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். படத்தை எடுத்தவரே படைப்பாளி. அதை யாரும் மாற்ற முடியாது. பதிப்புரிமை வாடிக்கையாளரிடம் போனாலும், 'இது நான் எடுத்தது' என்று உரிமை கோரவும், தன் நற்பெயர் கெடும்படி படத்தைச் சிதைத்தால் தட்டிக் கேட்கவும் பிரிவு 57 எடுத்தவருக்கு இடம் தருகிறது. ஆனால் அந்தப் படத்தை அச்சிடவோ, இதழுக்கு விற்கவோ, பாடநூலில் சேர்க்கவோ உரிமையாளரின் அனுமதி வேண்டும். இன்னொரு மாற்றத்தையும் பலர் கவனிக்கவில்லை. முன்பு புகைப்படத்துக்குப் பாதுகாப்பு, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள்தான். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தத் தனிப்பிரிவை நீக்கிவிட்டது. இப்போது எழுத்தாளரின் நூலுக்கு உள்ளதைப் போலவே, எடுத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும். இன்று முன்பணச் சீட்டில் எழுதாமல் விடும் ஒரு வரி, பேரப்பிள்ளைகள் காலம் வரை நீளும்.

அந்த வரி கடினமானதல்ல. ஆர்டர் ஃபாரத்தில் தமிழில் இப்படி இருந்தால் போதும்: 'இந்த நிகழ்வில் எடுக்கப்படும் படங்களின் பதிப்புரிமை புகைப்படக் கலைஞரிடம் இருக்கும். குடும்பத்தார் தங்கள் சொந்தத் தேவைக்கு எத்தனை பிரதி வேண்டுமானாலும் அச்சிடலாம், பகிரலாம்.' இதன் கீழே, சம்மதம் அல்லது சம்மதமில்லை என்று குறிக்கும்படி மூன்று தனி வரிகள்: ஸ்டூடியோவின் மாதிரி ஆல்பத்திலும் சமூக வலைத்தளங்களிலும் காட்ட, கட்டுரை, இதழ், நூலில் வெளியிட, வகுப்பில் காட்ட. மூன்றையும் ஒரே வாக்கியமாகக் கலந்து எழுதினால் தயங்குகிறவர் மொத்தமாக மறுத்துவிடுவார். பிரித்துக் கேட்டால் வகுப்புக்குச் சம்மதித்து, வலைத்தளத்துக்கு மட்டும் மறுப்பார்.

கையெழுத்தை அட்வான்ஸ் வாங்கும்போதே வாங்கிவிட வேண்டும். ஆல்பம் கொடுக்கும் நாளில் நீட்டினால், பாக்கித் தொகையைக் குறைக்கும் பேச்சோடு அது கலந்துவிடும். யாருடைய கையெழுத்து என்பதும் முக்கியம். நம் ஊரில் கல்யாணத்துக்குப் புகைப்படக்காரரைப் பேசி முடிப்பவர் பெண்ணின் அப்பாவாகவோ தாய்மாமனாகவோ இருப்பார். பணம் தருபவர் அவர், முகம் மணமக்களுடையது. எனவே உரிமை பற்றிய வரியில் அவரும், வெளியிடுவது பற்றிய மூன்று வரிகளில் மணமகளும் மணமகனும் தனித்தனியாகக் கையெழுத்திட வேண்டும். நிச்சயதார்த்தமோ ப்ரீ வெட்டிங் ஷூட்டோ அதற்கு நல்ல நேரம். படிக்கத் தெரியாதவரானால் வாசித்துக் காட்டி, சம்மதத்தை அவர் குரலிலேயே கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தமில்லாமல் முன்பே எடுத்த படங்களை என்ன செய்வது? பயன்படுத்த நினைக்கும் குறிப்பிட்ட படத்தையே அனுப்பி, எந்த இடத்தில் வரப்போகிறது என்று சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள். 'உங்கள் கல்யாணப் படம் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமா' என்ற பொத்தாம் பொதுவான கேள்விக்கு வரும் சம்மதம் நிற்காது. தம்பதி பிரிந்துவிட்டால், அல்லது படத்தில் இருப்பவர் இறந்துவிட்டால், முன்பு சம்மதம் இருந்தாலும் மறுபடி கேட்பதே மரியாதை.

ஒருநாள் கூலிக்கு இன்னொரு ஸ்டூடியோவுக்காகப் போகும் ஃப்ரீலான்சர்களுக்குப் பிரிவு 17(பி) இன்னும் இறுக்கமானது. அங்கே பணம் தந்து எடுக்கச் சொன்னவர் ஸ்டூடியோக்காரர். மெமரி கார்டை அவரிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நாலு படத்தைத் தன் பக்கத்தில் போடுவது வழக்கமாகிவிட்டது, சண்டையும் வழக்கமாகிவிட்டது. போகும் முன்பே ஒரு குறுஞ்செய்தி போதும்: எத்தனை படம், எத்தனை நாள் கழித்து, எந்தப் பெயருடன். பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவரின் நிலை சற்று மேல். பிரிவு 17(ஏ) படி, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், பத்திரிகையில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்குப் போகும். மற்ற உரிமைகள் எடுத்தவரிடமே தங்கும். வேலையில் சேரும்போது தரும் நியமனக் கடிதம் இதை மாற்றியிருக்கலாம், அதை எடுத்துப் படிக்க வேண்டும்.

இதழுக்கோ பதிப்பகத்துக்கோ படம் தரும்போது உரிமையையே எழுதிக் கொடுக்காதீர்கள், பயன்படுத்த உரிமம் மட்டும் கொடுங்கள். காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால் சட்டம் அதை 5 ஆண்டுகள் என்று எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும். ஆகவே மின்னஞ்சலில் நாலே விவரம் இருக்கட்டும்: எந்த இதழ், எத்தனை முறை, அச்சு மட்டுமா இணையமும் சேர்த்தா, எவ்வளவு காலம். படத்தின் அடியில் பெயர் எப்படி வர வேண்டும் என்பதையும் எழுத்துப் பிழையில்லாமல் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் கையெழுத்து மட்டும் காப்பாற்றாது. பிறந்தநாளுக்குக் குழந்தைகள் இல்லத்தில் சாப்பாடு போட்டு, வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகம் தெரியப் படமெடுத்து வெளியிடுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்று சட்டத்தின் முன் வந்தவர்களின் படத்தையோ, அடையாளம் தெரியும் விவரத்தையோ வெளியிட இளைஞர் நீதிச் சட்டம், 2015, பிரிவு 74 தடை விதிக்கிறது. தண்டனை 6 மாதச் சிறை வரை, அல்லது 2 லட்சம் ரூபாய் அபராதம் வரை, அல்லது இரண்டும். இல்லத்தின் நிர்வாகி சம்மதித்தார் என்பதால் இது நீங்கிவிடாது. கைகளை எடுங்கள், தட்டுகளை எடுங்கள், முதுகுப் பக்கமிருந்து எடுங்கள். முகத்தை எடுத்துவிட்டுப் பிறகு மங்கலாக்குவதைவிட, முகமே வராமல் சட்டகம் அமைப்பது நல்லது. மூலக் கோப்பு என்றோ ஒருநாள் வெளியே போய்விடக்கூடும்.

எழுதுகிறவருக்கு அனுமதிக்கு அடுத்த சொத்து படக்குறிப்பு. 1850களின் இறுதியில் பிரிட்டிஷ் படை அதிகாரி லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரை, தஞ்சாவூர்ப் படங்கள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன என்றால், எந்த இடம், எந்தக் கட்டடம் என்ற பதிவும் அவற்றோடு சேர்ந்து வந்திருப்பதே காரணம். இன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் எடுக்கிறோம், மறுமாதம் ஊர்ப் பெயர் மறந்துவிடுகிறது. களத்திலேயே எழுத வேண்டியவை: பெயர் (கேட்டு, எழுதிக் காட்டி, சரிபார்த்து), ஊர், தேதி, என்ன நடக்கிறது. பலர் நிற்கும் படமானால் இடமிருந்து வலம். எழுத நேரமில்லாவிட்டால் கைபேசியில் குரலாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு கேமரா வைத்து வேலை செய்கிறவர்கள் கடிகாரத்தைச் சரிபார்க்காமல் கிளம்புவது பெரிய தலைவலி. ஒன்று ஏழு நிமிடம் பிந்தி ஓடினால், நேரவரிசையில் அடுக்கும்போது தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை மேடை ஏறுவார். வேலை தொடங்கும் முன் கைபேசியின் கடிகாரத் திரையை, நொடி தெரியும்படி, இரண்டு கேமராவிலும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று பிறகு கணக்கிட்டு, மென்பொருளில் ஒரே வீச்சில் திருத்திவிடலாம்.

படக்குறிப்பைக் கோப்புக்குள்ளேயே பதிய வேண்டும். எடுத்தவர் பெயர், உரிமை அறிவிப்பு, விளக்கம், குறிச்சொற்கள் ஆகிய நான்கையும் நிரப்பினால் போதும். முதல் இரண்டையும் பல கேமராக்களின் மெனுவிலேயே ஆங்கில எழுத்தில் ஒருமுறை பதிந்துவிடலாம். எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அது தானே ஏறிக்கொள்ளும். தமிழில் எழுதும்போது யூனிகோடில் எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதிய குறிப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் உதிர்ந்துவிடும், அளவும் சுருங்கும். ஆவணமாக அனுப்பினால் இரண்டும் தப்பும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு: பறவைக் கூடு, அரிய விலங்கு, யாருடையதாவது வீடு ஆகியவை இருக்கும் படங்களில் ஜிபிஎஸ் விவரத்தை அகற்றிவிட்டே வெளியே கொடுக்க வேண்டும்.

நுட்பக் கட்டுரை எழுதுகிறவர்கள் அமெரிக்கப் பக்கங்களில் படித்ததை அப்படியே தமிழாக்குவதால் வரும் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மண்டபத்தின் டியூப் லைட்டிலும் மலிவான எல்இடியிலும் படத்தில் கோடு கோடாக விழுந்தால், ஷட்டர் வேகத்தை 1/60 அல்லது 1/125 நொடி வைக்கச் சொல்வார்கள். அது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊருக்குச் சரி. இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. எனவே முழுத் துடிப்புகளைப் பிடிக்கும் 1/100 அல்லது 1/50 தான் இங்கே பொருந்தும். மேடையில் மங்கலாக்கி வைக்கும் வண்ண எல்இடிகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அவை வேறு வேகத்தில் துடிக்கும். அங்கே எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டுவிட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, சோதனைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அதேபோல, நம் ஊர் உடைகளை வைத்தே எழுதுங்கள். சட்டகம் நிறைய வெள்ளை வேட்டி இருந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கும். வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூட்ட வேண்டும். அரக்குப் பட்டில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, இழை தெரியாமல் போகும். வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராமில் அது தெரியாது, வண்ணம் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமில்தான் தெரியும். எஃப் 2.8, 1/200, ஐஎஸ்ஓ 1600 என்று எண்களை மட்டும் போட்டால் படிப்பவருக்குப் பயனில்லை. விளக்கு எங்கே இருந்தது, எத்தனை அடி தள்ளி, வெளிச்சம் நேராகவா சுவரில் பட்டா வந்தது என்பதையும் எழுதினால்தான் அவர் தன் மண்டபத்தில் செய்து பார்க்க முடியும்.

வகுப்புக்கு வருவோம். ஆசிரியரோ மாணவரோ பாடம் நடக்கும்போது ஒரு படைப்பைப் பிரதி எடுத்துப் பயன்படுத்துவதற்குப் பிரிவு 52 விலக்கு தருகிறது. நான்கு சுவருக்குள் பாடம் சொல்ல இது உதவும். அதே வகுப்பைப் பதிவு செய்து யூடியூபில் எல்லோருக்கும் விடும்போதும் இந்த விலக்கு கூடவே வரும் என்று நம்பிவிடாதீர்கள். பதிவாகும் வகுப்பில் உங்கள் படங்களையோ அனுமதி வாங்கிய படங்களையோ மட்டும் காட்டுவதே பாதுகாப்பு. மாணவர் எடுத்த படம் மாணவருடையது. அடுத்த வகுப்பின் விளம்பரத்தில் அதைப் போட அவரிடம் கேட்க வேண்டும், பெயரும் போட வேண்டும். மாடலை வரவழைத்து நடத்தும் பயிலரங்கில் பெரும்பாலோர் இடறுவது இங்கேதான்: மாடல் சம்மதித்தது ஏற்பாட்டாளருக்கு, ஆனால் படம் எடுப்பது பதினைந்து பேர். அந்தப் பதினைந்து பேரும் எங்கே வெளியிடலாம், விற்கலாமா கூடாதா என்பது மாடலின் படிவத்திலும் மாணவர்களின் சேர்க்கைப் படிவத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

ஸ்டூடியோ, எழுத்து, வகுப்பு என்று மூன்று வழியில் வந்தாலும் பான் எண் ஒன்றுதான். ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்சம் ரூபாய் வரம்பை மூன்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, திருட்டு. படம் நீங்கள் எடுத்தது என்று காட்ட, கேமரா பதியும் பதப்படுத்தாத மூலக் கோப்பான ரா கோப்பைவிட வலுவான சான்று எளிதில் கிடைக்காது. அதனால்தான் அதைக் கேட்டவுடன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடக் கூடாது. 24 மெகாபிக்சல் கேமராவில் 3,000 ரா படங்கள் ஏறக்குறைய 80 முதல் 90 ஜிபி வரும். அதை இரண்டு வட்டுகளில் வைத்து, மூன்றாவது பிரதியை வேறொரு கட்டடத்தில் வையுங்கள். உரிமை உங்களிடம் உள்ள படத்தை யாராவது எடுத்து இணையத்தில் போட்டுவிட்டால், முதலில் அவரைத் திட்டிப் பின்னூட்டம் போடாதீர்கள், அவர் அழித்துவிட்டால் சான்று போய்விடும். முகவரியும் தேதியும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டு, அந்தத் தளத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகள், விதி 75 படி, முறையான புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் அந்தப் படத்தைப் பார்வையிலிருந்து விலக்க வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவராவிட்டால் தளம் அதை மறுபடி காட்டலாம் என்பதால், புகார் அனுப்பும் நாளிலேயே வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது ஆர்டர் ஃபாரத்தைத்தான்.