இன்று எந்த உணவுக்கு நாள், அறிவித்தது யார்?

மார்ச் 30 வந்தால் இட்லி, ஜூலை 7 வந்தால் சாக்லேட், அக்டோபர் 1 வந்தால் காபி. காலையில் போனைத் திறந்தால் ஏதோ ஒரு உணவுக்கு ‘உலக தினம்’ என்று ஸ்டேட்டஸ் நிறைந்து கிடக்கிறது. மருத்துவமனையில் டயட்டீஷியனாக வேலை பார்க்கும் எனக்கு இந்த நாட்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. சொல்லப்போனால், அவற்றின் பின்னால் இருக்கும் கதைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கவலை தருவது, அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘இதயத்துக்கு நல்லது’, ‘சுகர் இருந்தாலும் சாப்பிடலாம்’ போன்ற வரிகள்தான். சுகர் மாத்திரை போடும் ஒருவர் போனை என் பக்கம் நீட்டி, “மேடம், இன்னைக்கு சாக்லேட் தினமாம், நல்லதுன்னு போட்டிருக்கான், சாப்பிடலாமா?” என்று கேட்பார். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “இந்த நாளை அறிவிச்சது யாருங்க?”

இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சமூக ஊடகத்தில் சுற்றும் உணவு நாட்களில் பெரும்பாலானவை அமெரிக்க நாட்காட்டிகளில் இருந்து வருபவை. ‘தேசிய தினம்’ என்று போட்டிருப்பதால் அங்குள்ள அரசே அறிவித்தது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை, நினைவு நாள் அறிவிக்கும் மசோதாக்களை இனி எடுத்துக்கொள்வதில்லை என்று 1995-லேயே விதி போட்டுவிட்டது. அதன் பிறகு முளைத்த நாட்களில் பலவற்றை அறிவித்தவை நிறுவனங்கள், வணிகச் சங்கங்கள், வலைத்தளங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு நாளைப் பதிவு செய்து தரும் தனியார் நாட்காட்டியே அங்கே இருக்கிறது. நேஷனல் டே கேலண்டர் என்று பெயர். 2013-ல் வடக்கு டகோட்டா மாநிலத்தில் தொடங்கியது. பணம் கட்டினால் உங்கள் பொருளுக்கும் ஒரு தினம் கிடைக்கலாம்.

எல்லாமே இப்படி வந்தவை என்றும் தள்ளிவிட முடியாது. டோனட் தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டவுடன் ஏதோ பேக்கரி வேலை என்றுதான் தோன்றும். அதன் வேர் முதல் உலகப் போரில் இருக்கிறது. 1917-ல் பிரான்சில் அமெரிக்கப் படைகள் முகாமிட்டிருந்தன. வீரர்களுக்கு உதவ சால்வேஷன் ஆர்மியின் பெண் தொண்டர்கள் அங்கே போனார்கள். நம் ஊரில் இரட்சணிய சேனை என்கிறோமே, அந்த அமைப்புதான். நாகர்கோவிலில் அவர்களுடைய மருத்துவமனையைத் தெரியாதவர் குறைவு. ஓயாத மழை. கேக் செய்ய அடுப்பு இல்லை. கையில் இருந்தது மாவு, சர்க்கரை, கொழுப்பு, கொஞ்சம் டின் பால். ஹெலன் பர்வியன்ஸ், மார்கரெட் ஷெல்டன் என்ற இருவர், வைன் பாட்டிலை உருட்டுக்கட்டையாக்கி மாவைத் தேய்த்து, சின்ன வாணலியில் ஒரு ஈட்டுக்கு ஏழு வீதம் பொரித்தார்கள். முதல் நாள் 150 தேறியது. சேற்றில் வரிசை கட்டி நின்ற பையன்களுக்கு அது வீட்டு நினைப்பைக் கொடுத்தது. 1938-ல், பொருளாதார மந்தம் இன்னும் தீராத சிகாகோவில், அந்தப் பெண்களைக் கௌரவிக்கவும் ஏழைகளுக்கு நிதி திரட்டவும் அதே அமைப்பு முதல் டோனட் தினத்தை நடத்தியது. இன்றும் ஜூன் மாத முதல் வெள்ளிக்கிழமை அது நடக்கிறது. கடைகள் இலவசமாக டோனட் கொடுக்கின்றன. அந்தப் பெண்களின் கதைதான் பின்னால் போய்விட்டது.

ஐஸ்கிரீம் தினத்தின் கதை வேறு மாதிரி. அதன் நடுவில் இருப்பது மிஞ்சிப்போன பால். 1970-களின் கடைசியிலும் 80-களிலும் அமெரிக்காவில் பால் உற்பத்தி தேவைக்கு மேல் போனது. விவசாயிகளுக்கு விலை விழாமல் இருக்க அரசாங்கம் வெண்ணெய், சீஸ், பால் பவுடர் என்று வாங்கி வாங்கிச் சேர்த்தது. மிசூரி மாநிலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த குகைகளில்கூட சீஸை அடுக்கி வைத்தார்கள். 1981 டிசம்பரில் அதிபர் ரொனால்ட் ரீகன், சுமார் 1.36 கோடி கிலோ சீஸை ஏழைகளுக்குக் கொடுக்க உத்தரவிட்டார். 1983-ல் வந்த ஒரு சட்டம், விற்கும் பாலில் ஒவ்வொரு நூறு பவுண்டுக்கும் 15 சென்ட் பால் பண்ணைக்காரரிடம் பிடித்து, அதைப் பால் பொருட்களின் விளம்பரத்துக்குச் செலவிட வழி செய்தது. அதற்கு அடுத்த வருடம், 1984-ல், ரீகன் ஜூலை மாதத்தை ஐஸ்கிரீம் மாதமாகவும் அந்த ஜூலை 15-ஐ ஐஸ்கிரீம் தினமாகவும் அறிவித்தார். அந்த அறிவிப்பிலேயே நாட்டின் பாலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஐஸ்கிரீமுக்குப் போகிறது என்ற கணக்கு இருக்கிறது. விவசாயியைக் காப்பாற்ற நினைத்தது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த நாளுக்கும் உங்கள் உடம்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதில் நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. அடுத்த முறை கடையில் ஐஸ்கிரீம் டப்பாவைக் கையில் எடுத்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் பிராண்ட் பெயர், கீழே சின்ன எழுத்தில் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று இருந்தால், அதில் இருப்பது பால் கொழுப்பு மட்டும் இல்லை. தாவர எண்ணெயும் இருக்கும், பெரும்பாலும் பாமாயில் வகை. சேர்க்கப்பட்ட பொருட்களின் பட்டியலில் ‘எடிபிள் வெஜிடபிள் ஆயில்’ என்றோ ‘வெஜிடபிள் ஃபேட்’ என்றோ எழுதியிருக்கும். ‘ஐஸ்கிரீம்’ என்று போட வேண்டுமானால் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. இரண்டும் ஒரே ஃப்ரீசரில், ஒரே மாதிரி டப்பாவில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். குழந்தை கேட்கிறதே என்று எப்போதாவது வாங்குகிறீர்கள் என்றால் எதை வாங்குகிறோம் என்பதாவது தெரிந்திருக்கட்டும்.

சாக்லேட் தினத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. ஐரோப்பாவுக்கு சாக்லேட் 1550 ஜூலை 7 அன்று வந்தது என்று ஒரு தகவல் சுற்றுகிறது. ஆனால் 1544-லேயே மாயா மக்களின் தூதுக்குழு ஒன்று ஸ்பெயின் இளவரசர் பிலிப்புக்கு சாக்லேட் பானம் கொண்டுபோனதாக வரலாற்றில் பதிவு இருக்கிறது. அன்றைக்கு சாக்லேட் குடிக்கிற பொருள். கடித்துச் சாப்பிடும் கட்டி சாக்லேட்டை இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் செய்தது 1847-ல். கொக்கோவில் நல்ல சத்துக்கூறுகள் இருப்பது உண்மை. ஆனால் பெட்டிக்கடையில் கிடைக்கும் பாரில் பெரும்பகுதி சர்க்கரை. சுகர் உள்ளவருக்கு என் பதில் அதனால் மாறுவதில்லை.

பால் விஷயத்துக்கு வருவோம். ஜூன் 1 உலகப் பால் தினம், ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் 2001-ல் தொடங்கியது. நமக்கு இன்னொரு நாளும் உண்டு. நவம்பர் 26, தேசியப் பால் தினம். அது வர்கீஸ் குரியனின் பிறந்த நாள். 1921-ல் கோழிக்கோட்டில் பிறந்தவர், படித்தது சென்னையில்: லயோலா கல்லூரியில் இயற்பியல், கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். 1949-ல் வேண்டா வெறுப்பாகக் குஜராத்தின் ஆனந்த் ஊருக்கு வேலைக்குப் போனவர், திரிபுவன்தாஸ் படேல் கட்டிக்கொண்டிருந்த பால் கூட்டுறவுச் சங்கத்தோடு சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டார். அவர்களோடு வேலை செய்த பால் தொழில்நுட்ப நிபுணர் தலயா, எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னதைப் பொய்யாக்கிக் காட்டினார். நாட்டின் பால் உற்பத்தியைப் பெருக்க 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சி அங்கிருந்து வந்ததுதான். இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு அம்மா காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு அதற்குச் சரியான விலை வாங்குகிறார் என்றால், அதில் குரியனுக்குப் பங்கு உண்டு. இந்த நாளை மனதாரக் கொண்டாடலாம். இதில் எனக்குப் பிடித்த துணுக்கு, குரியனுக்குப் பால் பிடிக்காது, அவர் குடிப்பதில்லை என்பது. அவரே வெளிப்படையாகச் சொன்னது.

ஆனால் பால் தினத்தன்று பள்ளிகளில் பேசக் கூப்பிட்டால் பெற்றோரிடம் நான் தவறாமல் சொல்லும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கொழுகொழுவென்று இருக்கும். உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தால் வெளிறியிருக்கும். கீழ் இமையை லேசாக இழுத்தால் உள்ளே சிவப்பே இருக்காது. “சோறு தொடவே மாட்டேங்குறான். ஆனா பால் மட்டும் எத்தனை பாட்டில் குடுத்தாலும் குடிச்சிருவான்” என்பார் அம்மா. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் அதல பாதாளத்தில் இருக்கும். ஒரு லிட்டர் பசும்பாலில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம் அளவுதான். அதிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். வயிறு பாலால் நிறைந்துவிட்டால் சோறு எப்படி இறங்கும்? ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ஒரு நாளைக்கு 400, மிஞ்சிப்போனால் 500 மில்லி போதும். மீதி வயிற்றைப் பருப்பு சாதம், கீரை, முட்டை, ஈரல் போன்றவற்றுக்கு விட்டுவையுங்கள். பாட்டிலை நிறுத்தி டம்ளருக்கு மாற்றினாலே அளவு பாதியாகக் குறையும்.

முட்டை தினம் வியாபாரிகள் வைத்ததுதான், மறைக்க ஒன்றும் இல்லை. 1996-ல் வியன்னாவில் சர்வதேச முட்டை ஆணையத்தின் மாநாட்டில் அக்டோபர் இரண்டாவது வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்தார்கள். ஆனால் விற்பவர் சொல்வது சில நேரம் உண்மையாகவும் இருக்கும். ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்குத் தரமான புரதம், அதுவும் அந்த விலைக்கு! தமிழ்நாட்டில் 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989-ல் கலைஞர் முட்டையைச் சேர்த்தபோது இரண்டு வாரத்துக்கு ஒன்று. பிறகு அது பள்ளி நடக்கும் ஐந்து நாளும் என்று வளர்ந்தது. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கும் அது பிழைப்பு, பிள்ளைகளுக்கும் அது சத்து. இங்கே நாளை அறிவித்தவர் யார் என்று பார்த்த பிறகும் என் பதில் “சாப்பிடுங்கள்” என்பதுதான்.

தேநீர் தினத்தின் கதை தெரிந்தால் கையில் இருக்கும் டீ கொஞ்சம் கனக்கும். முதலில் அது டிசம்பர் 15. 2005-ல் டெல்லியில், தேயிலை விளையும் நாடுகளின் தொழிற்சங்கங்களும் சிறு விவசாயிகளும் சேர்ந்து தொடங்கினார்கள். கூலி, வீடு, மருத்துவம், விலை என்று பேசுவதற்கான நாள் அது. பிறகு இந்தியா முன்மொழிந்ததன் பேரில் 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை மே 21-ஐ சர்வதேச தேநீர் தினமாக அறிவித்தது. பல நாடுகளில் தேயிலைப் பருவம் தொடங்கும் மாதம் மே. வால்பாறையிலும் நீலகிரியிலும், இலங்கை மலையகத்திலும் கொழுந்து பறிப்பவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! அதனால் டிசம்பர் 15 மறந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்களிலேயே ரத்தசோகை சாதாரணமாகப் பார்க்கிற ஒன்று. டீயில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டோடு டீ குடிக்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்குபவர்களுக்கும் இதேதான்.

இட்லி தினம் நம் சென்னையில் பிறந்தது. வகைவகையாக இட்லி செய்த இனியவன் 2015-ல் தொடங்கி வைத்தார். இட்லியின் பெயர் பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நூலிலேயே வருகிறது; அன்றைய இட்லி உளுந்து மட்டும் என்கிறார்கள், அரிசி பிறகு வந்து சேர்ந்தது. பிப்ரவரி 10 உலகப் பருப்பு தினம். ஐ.நா. அதை அறிவிப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே நவராத்திரியில் ஒன்பது நாளும் வகைக்கு ஒரு சுண்டல் அவித்தவர்கள் நாம். அந்தச் சுண்டலைக் கொலு முடிந்ததும் நிறுத்தாமல் மாலை நேரத்துக்குத் தொடர்ந்தால், பஜ்ஜி போண்டாவைப் பற்றி நான் வாயே திறக்க வேண்டியிருக்காது.

இத்தனை நாட்களிலும் யாரும் ஸ்டேட்டஸ் வைக்காத ஒன்று இருக்கிறது. அக்டோபர் 21, அயோடின் குறைபாட்டுத் தடுப்பு தினம். இந்த நாளுக்கு ஆஃபர் கிடையாது, இலவசம் கிடையாது. ஆனால் கர்ப்பிணிக்கு அயோடின் போதாமல் போனால் வயிற்றில் வளரும் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாகச் சாப்பாட்டுக்கு விற்க நம் நாட்டில் 2006 முதல் தடை இருக்கிறது. அப்படியும் தூத்துக்குடி பக்கத்துக் கல்லுப்பு என்று மூட்டையில் இருந்து அள்ளிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். கல்லுப்பு வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், அயோடின் சேர்த்த கல்லுப்பே பாக்கெட்டில் கிடைக்கிறது. அயோடின் உப்புக்கான சிரித்த சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, மூடி போட்ட ஜாடியில் அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள். குழம்பு கொதித்து இறக்கும் நேரத்தில் உப்பைச் சேருங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், என்ன உப்பு வாங்குகிறோம் என்று இன்றைக்கே பாக்கெட்டை எடுத்துப் படித்துப் பாருங்கள்.