வாய்ப்பாடமாகச் சொன்னால் போதாது, செய்யப் பழக்குங்கள்

"துவக்கைக் கண்டா என்ன செய்வீங்க மகன்?" என்று துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் முன்பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் "தொட மாட்டேன்" என்று ஒப்பிப்பார்கள். அதே பிள்ளை விளையாட்டுச் சாமான் கூடைக்குள் மரத்தால் செய்த மாதிரித் துவக்கைக் கண்டால் உடனே எடுத்துவிடும். சுட்டுவிரல் தானாக விசைக்குப் போகும். அடுத்த நொடி பக்கத்தில் இருப்பவனின் முகத்துக்கு நேரே நீட்டும்.

இதைக் குழப்படி என்று அடிக்காதீர்கள். அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் மில்டன்பெர்கர் குழுவினர் 4, 5 வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் தெரிந்தது. விதியைச் சரியாகச் சொன்ன பிள்ளைகள், தனியே துவக்கைக் கண்டபோது அதன்படி நடக்கவில்லை. செய்து காட்டி, செய்ய வைத்து, பிறகு பிள்ளை எதிர்பாராத இடத்தில் சோதித்து, தவறினால் அங்கேயே திரும்பச் செய்ய வைத்தபோதுதான் பழக்கம் படிந்தது.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான எங்கள் படுவான்கரையில் இது வெளிநாட்டுக் கதை அல்ல. வயல் காவலுக்கு அனுமதியோடு வைத்திருக்கும் துவக்கும் உண்டு, ஒளித்து வைத்த இடியன் என்ற நாட்டுத் துவக்கும் உண்டு. காட்டோரத்தில் பன்றிக்குப் பொறியாகக் கட்டும் கட்டுத்துவக்கு, இரைக்குள் வைத்துக் கடித்ததும் வெடிக்கும் ஹக்கபட்டாஸ், யானையை விரட்டப் போட்டு வெடிக்காமல் கிடக்கும் யானை வெடி வேறு. மட்டக்களப்பு கண்ணிவெடி அற்ற மாவட்டமாக 2017இல் அறிவிக்கப்பட்டது உண்மைதான். அதற்காக மண்ணில் கிடக்கும் இரும்பையெல்லாம் பிள்ளை தூக்கலாம் என்று ஆகிவிடாது.

நான் பழக்குவது மூன்று செயல்: தொடாதே, அந்த இடத்தை விட்டுப் போ, பெரியவரிடம் சொல். மூன்றாவதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். "அங்க ஏன் போனாய்?" என்று முதல் அடி விழும் வீட்டில் எந்தப் பிள்ளை வந்து சொல்லும்? சொல்ல வந்த பிள்ளையை முதலில் கட்டிப்பிடியுங்கள். "நல்லாச் செய்தீங்க" என்று சொல்லுங்கள். கேள்வியை அப்புறம் கேட்கலாம். பயிற்சிக்கு உண்மைத் துவக்கை ஒருபோதும் எடுக்க வேண்டாம்.

எவ்வளவு பழக்கினாலும் பொறுப்பு பிள்ளையின் தலையில் இல்லை. வயலால் வந்ததும் தோட்டாவைக் கழற்றுங்கள். துவக்குக்கு ஒரு பூட்டு, தோட்டாவுக்கு வேறு பூட்டு. அலுமாரியின் மேல்தட்டு போதாது, கதிரையை இழுத்துப் போட்டு ஏறிவிடுவார்கள். பிள்ளை மாமா வீட்டுக்கு விளையாடப் போவதென்றால், அங்கே துவக்கு இருக்கிறதா, பூட்டி இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.