கல் வைக்கும் முன் ஒரு குழி

வீடு கட்ட வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களின் கையில் காணி உறுதி இருக்கும், யாரோ கீறிக்கொடுத்த படம் இருக்கும், கல் வைக்கப் பார்த்த நாளும் இருக்கும். அடியில் என்ன மண் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

கட்டடப் பொறியியலாளனாக எனக்குக் கொழும்பில் பெரிய கவலை இதுதான். கொலன்னாவ, வெல்லம்பிட்டி, கிருலப்பனைக் கால்வாய்ப் பக்கம் விலைக்கு வரும் காணிகளில் பல, ஒரு காலத்தில் வயல் அல்லது சதுப்பு. மேலே சிவப்பு மண்ணைக் கொட்டி மட்டப்படுத்திவிட்டால் மேட்டுக் காணிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

வெல்லம்பிட்டியில் 8 பேர்ச் காணி வாங்கியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "நிலம் நல்ல இறுக்கமாத்தானே கிடக்கு, தம்பி" என்று காலால் தட்டிக் காட்டினார். "ஒரு மூலையில குழி வெட்டிப் பாப்பம், ரீச்சர்" என்றேன். நாலடி வரை கபுக் என்கிற சிவப்பு மண். அதற்குக் கீழே மண்வெட்டி சத்தமே இல்லாமல் இறங்கியது. வந்தது உக்கிய புல்லும் வேருமாகக் கறுப்பு மண். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தேன்; விரலிடுக்கால் தண்ணீர் வடிந்தது. கூழ்முட்டை நாற்றம்.

இந்த மண்ணில் பாரம் ஏறினால் நீர் வெளியேறி அது அமுங்கும், வருடக்கணக்காக அமுங்கிக்கொண்டே இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அமுங்காது. ஒரு மூலை மற்றதைவிட அதிகமாக இறங்கும்போதுதான் ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சரிவாக வெடிப்பு ஓடுகிறது. பூசி மறைத்தாலும் திரும்ப வரும்.

குழியோடு நிற்காமல் துளையிட்டும் பார்த்தோம். 63.5 கிலோ எடையை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, கம்பி 30 சென்ரிமீற்றர் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டும் என்று எண்ணும் சோதனை அது. அந்தக் கறுப்பு மண்ணில் எண்ண ஒன்றும் இருக்கவில்லை. எடையை வைத்ததுமே கம்பி தானாக இறங்கியது. உறுதியான மண் கிடைத்தது இருபதடிக்குக் கீழே. சரி, வழக்கமான கருங்கல் அத்திவாரம் சரிவராது, உறுதியான மண் வரை போகும் தூண்களை, அதாவது பைல், இறக்கத்தான் வேண்டும் என்று முடிவானது. ஆவணியில் பார்த்த நாளைத் தைக்குத் தள்ளிவைக்க ரீச்சருக்கு மனமே இல்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. மாடி அறை ஒன்றைக் குறைத்து அந்தக் காசை மண்ணுக்குள் போட்டோம்.

காணி வாங்க முன்னரே இதைச் செய்திருந்தால் விலை பேசியிருக்கலாம். குழி வெட்ட இரண்டு பேருக்கு அரைநாள் கூலிதான். விற்பவர் குழி வெட்ட விடமாட்டேன் என்றால் நான் அந்தக் காணியை வாங்கச் சொல்ல மாட்டேன்.

பத்திர வேலையை நொத்தாரிசு பார்ப்பார். 30 வருட உரித்தைத் தேடச் சொல்லுங்கள். மாநகர சபை எல்லைக்குள் என்றால் வீதியை அகலிக்க ஒதுக்கிய எல்லை எதுவரை என்று காட்டும் வீதிக் கோட்டுச் சான்றிதழைப் படம் கீற முன் எடுங்கள். 40 அடி முகப்பில் கோடு 5 அடி உள்ளே வந்தால் 200 சதுர அடி போய்விடும். ஒரு பேர்ச் 272 சதுர அடி சொச்சம்தான். தாழ்நிலத்தை நிரப்புவதாக இருந்தால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதியும் வேண்டும்.

அப்புறம், காணி பார்க்க வெயில் நாளில் மட்டும் போகாதீர்கள். ஐப்பசி மழை விட்ட மறுநாள் போய், 2016 மே வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கே இருந்தவர்கள் சுவரில் கைவைத்தே காட்டுவார்கள்.